இரண்டு பக்கம் போதும்

பெரிய ஆஸ்பத்திரியில் கணவனுக்குத் துணையிருந்த நாட்களில்தான் ஜெயஷீலாவுக்கு அந்த யோசனை வந்தது. இந்தக் குடும்பத்தை வாராவாரம் பார்த்து வருகிறவர்களுக்கு அது நினைவிருக்கும். பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல் மாஸ்டராக இருந்த பிரதீஷ், ஈரமான பின்படியில் சறுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டான். காயம் ஆறி அவன் நடமாடத் தொடங்கியபோது, அவனுடைய அடுப்படியில் வேறொருவன் நின்றுகொண்டிருந்தான்.

அந்த வார்டில் ஜெயஷீலா கண்டது ஒன்றே ஒன்று. டாக்டர் வருவார், உப்பு ஆகாது என்பார், போய்விடுவார். கூட இருப்பவர்கள் தூக்குப் பாத்திரத்தோடு வெளியே ஓடுவார்கள். உப்பில்லாத சாப்பாடு எந்தக் கடையிலும் கிடைக்காது. வாங்கி வந்த கறியைத் தண்ணீரில் அலசி நோயாளிக்கு ஊட்டுவார்கள். நோயாளி இரண்டு வாயில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தன் வீட்டில் ஒரு சமையல்காரன் வேலையில்லாமல் இருக்கிறான். உப்பில்லாமலும் வாய்க்குப் பிடிக்கிற மாதிரி சமைத்து நோயாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?

பிரதீஷின் அக்கா தங்கபாய், ஜெயஷீலாவுக்கு மைனி, அதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். இவர்கள் இருக்கிற கரமனைத் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறவள் அவள். கணவன் இறந்தபின், பின்னறையை வாடகைக்கு விட்டுத்தான் காலம் தள்ளினாள். குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லி, நடுச் சுவரை இடித்து, அந்த இடத்தைச் சமையலறை ஆக்கிக்கொள்ளச் சொன்னாள். மிச்சம் இருந்தது பேங்க் கடன் மட்டும்தான்.

பேங்க் மேனேஜர் குற்றாலலிங்கம் தென்காசிக்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார். "ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒண்ணு வேணும்மா. பயந்துக்காதீங்க. எல்லாரும் ரண்டு பக்கம்தான் கொண்டு வாறாங்க. அது போதும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சண்டை.

இரண்டு பக்கம் போதும் என்றான் பிரதீஷ். அவளுக்குப் போதவில்லை. யார் வாங்குவார்கள், எத்தனை நாள் வாங்குவார்கள், வாங்காமல் போனால் எதனால் என்று தனக்கே தெரியாமல் எதை எழுதிக் கொடுப்பது என்று கேட்டாள். வெயிலில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். கட்டிலுக்குக் கட்டில் நின்று பேசினாள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் புண்ணியவான்கள் இலவசமாகக் கஞ்சி ஊற்றுகிறார்கள், அங்கே தன் வியாபாரம் நடக்காது என்று தெரிந்தபோது ஒரு வாரம் தூங்காமல் கிடந்தாள். பிறகு அதையும் எழுதி வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன நர்சிங் ஹோம்களுக்குப் போகத் தொடங்கினாள்.

ஒவ்வொரு நாளும் அவள் திரும்பி வரும்போது பிரதீஷ் அதையே கேட்பான். "இன்னும் முடியல்லியா? இதுக்கு மேல என்னத்த எழுதப் போற?"

சோம்பல் என்று அவள் நினைத்தாள். விழுந்ததில் மனசும் விழுந்துவிட்டது என்று நினைத்தாள்.

இன்று வியாழக்கிழமை. நாளைக்கு மேலிடத்துக்குக் காகிதங்கள் போகின்றன, இன்று சாயங்காலத்துக்குள் கொண்டு வந்துவிடுங்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

காலையில் பிரதீஷ்தான் சாயா போட்டான். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் துடைத்துத் திரி ஏற்றிவிட்டு, அந்தக் கையோடு பாலைக் காய்ச்சினான். மூன்று கிளாஸில் ஊற்றி வைத்துவிட்டுத் தன்னுடையதை நின்றபடியே குடித்து முடித்தான்.

ஸ்கூல் யூனிஃபார்மில் வந்த மகள் ஜெஸ்லின் ஒரு வாய் குடித்தாள். உடனே ஓடிப்போய்க் கொல்லையில் துப்பினாள்.

"அப்பா, சாயால மண்ணெண்ண நாறுது."

ஜெயஷீலா தன் கிளாஸை முகர்ந்து பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. "நீங்க முழுசும் குடிச்சிட்டியளே?"

"ஏதோ யோசனைல குடிச்சேன்," என்றான் அவன். மூன்று கிளாஸையும் அவசரமாக எடுத்துக் கழுவப் போனான்.

அவளுக்கு அப்போது அதற்குமேல் கேட்க நேரமில்லை. ஜெஸ்லினுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். "நான் ஐயப்பன் கடைக்குப் போயிட்டு வந்திருதேன். கடைசிப் பக்கம் அடிக்கணும். நீங்க சிறுபயறுக் கஞ்சியும் பூசணிக்கா கூட்டும் வச்சிருங்க. உப்பு போடாண்டாம். மைனி மத்தியானத்துக்கு முன்னே ஆட்டோல வந்து எடுத்துட்டுப் போவாங்க. நான் போயிட்டு வந்த நர்சிங் ஹோம்ல பெரிய நர்ஸம்மா, அந்த மேட்ரன், ருசி பாத்துட்டு, எங்களுக்கு வேணும்னு ஒரு கடுதாசி தாறேன்னு சொல்லியிருக்காங்க."

"அது என்னத்துக்கு இப்போ? பேங்குல கேட்டாங்களா?"

"கேக்கல்ல. இருந்தா நல்லதுன்னு தோணுச்சு."

"ஜெயா, போதும்." அவன் குரல் இறங்கியிருந்தது. "இவ்வளவு நாளா எழுதினது போதும். இருக்கதைக் கொண்டு குடு. கிடைச்சா கிடைக்கட்டும், இல்லேன்னா போகட்டும்."

"போகட்டுமா? பின்ன நம்ம என்ன செய்ய? மைனி சுவரை இடிச்சாச்சு. எனக்க பிள்ளைக்கு அடுத்த வருசம் பத்தாம் கிளாஸ் டியூஷன் வேணும். நீங்க இப்படி உக்காந்திருந்தா எல்லாம் தன்னால வந்திருமா?"

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் முறத்தில் சிறுபயறைக் கொட்டிக் கல் பொறுக்கத் தொடங்கினான்.

கரமனை ஜங்ஷனில் ஐயப்பன் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் கூட்டமில்லை. அவள் உள்ளே நுழைந்ததுமே அவன் சிரித்துக்கொண்டே பாதி மலையாளத்தில் சொன்னான்.

"சேச்சீ, நான் அன்னைக்கே பறஞ்சேன். பப்படம் போடுறதுக்கு லோன் வாங்கின ரிப்போர்ட் ஒண்ணு ரெடியா உண்டு. மெழுகுவத்தி உண்டு. பேரு மாத்தினா தீர்ந்தது. இந்தத் தெருவுல பப்பாதி லோன் அதுலதான் போயிருக்கு."

"எனக்கு அது வேண்டாம்."

"எனக்குத் தெரியும் சேச்சீ. சும்மா பறஞ்சேன்."

அவள் தமிழில் எழுதி வந்ததை அவன் இங்கிலீஷில் அடித்தான். மிச்சம் இருந்தது சமையல் பொறுப்பைப் பற்றிய பக்கம். பிரதீஷின் பெயர், வயது, எந்தெந்த ஹோட்டலில் எத்தனை காலம். அடித்து முடித்துவிட்டு ஐயப்பன் திரும்பிப் பார்த்தான். "இவ்வளவுதானா?"

ஜெயஷீலா கொஞ்சம் யோசித்தாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பிரதீஷின் ஹோட்டலுக்குப் போனபோது முதலாளி அவளிடம் சொன்னது ஞாபகம் வந்தது. அதைச் சேர்க்கச் சொன்னாள். கொதிக்கிற கறியை நாக்கில் வைக்காமலேயே, ஆவியை முகர்ந்து பதம் சொல்லக்கூடியவர்.

"இது பேங்குக்காரனுக்கு எதுக்கு?" என்றான் ஐயப்பன்.

"உப்பில்லாத சமையலுக்கு அதுதான் எல்லாம்," என்றாள். சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, தன் கணவனைப் பற்றி வெளியாளிடம் பெருமையாக ஒன்று சொல்லியிருக்கிறாள்.

ஸ்பைரல் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பினாள். ஆற்றுப் பக்கம் திரும்பும் வளைவிலேயே அந்த வாடை வந்தது. யார் வீட்டிலோ அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். கிட்டப் போகப் போக வாடை கூடியது. அடுத்த வீட்டுக்காரி சரஸ்வதியம்மாள் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். "ஜெயஷீலா, உங்காத்துலதான். ஓடிப்போய்ப் பாரு."

அவள் ஓடினாள். வீட்டில் யாரும் இல்லை, அடுப்பை அணைக்காமல் எங்கோ போய்விட்டான் என்றுதான் நினைத்தாள்.

பிரதீஷ் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

கஞ்சிப் பானைக்கு மேலே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, கரண்டியால் பதமாகக் கிண்டிக்கொண்டிருந்தான். அடியிலிருந்து நீலமாய்ப் புகை கசிந்து சுவரோரம் ஏறியது. அந்தப் பக்கம் அவன் பார்க்கவில்லை. மேலே பயறு நன்றாக மலர்ந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. கூட்டைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி மூடியிருந்தான். அவளைக் கண்டதும், காலைச் சண்டையை மறந்துவிட்டவன்போல் லேசாகச் சிரித்தான்.

"வந்திட்டியா? பாரு, நல்லா வந்திருக்கு."

ஜெயஷீலா வாசலிலேயே நின்றாள். கண் எரிந்தது. கருகிய பயற்றின் வாடை தொண்டைக்குள் இறங்கிக் கசந்தது. இவன் அந்த வாடைக்கு நடுவில் நின்றுகொண்டு நன்றாக வந்திருக்கிறது என்கிறான்.

முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான்.

"வேணும்னே செய்தியளா?"

"என்னது?"

"பிடிக்கல்லேன்னா பிடிக்கல்லேன்னு சொல்லணும். இப்படிக் கரிச்சு வச்சு மேட்ரனுக்கு அனுப்பினா ஒரேயடியா முடிஞ்சிரும்னு நினைச்சியளா?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பானைக்குள் பார்த்தான். கரண்டியை அடிவரை விட்டு இழுத்தான். கறுப்பாகப் பத்தை பெயர்ந்து மேலே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெல்ல ஸ்டவ்வைத் திருகி அணைத்தான்.

"கரிஞ்சு போச்சா," என்றான். கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை.

அந்தக் குரலில்தான் அவளுக்கு விளங்கத் தொடங்கியது. காலையில் அவன் நின்றபடி குடித்து முடித்த சாயா. போன வாரம் ஊசிப்போன தேங்காய்ச் சட்னியை அவன் மட்டும் சாப்பிட்டது. மீன் வாங்கி வரச் சொன்னால் இப்போதெல்லாம் நீயே போ என்பது.

"உங்களுக்கு மணம் தெரியல்லியா?"

அவன் தலை குனிந்தான்.

"எப்ப இருந்து?"

"விழுந்ததுல இருந்து."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தங்கபாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே உள்ளே வந்தாள். வரும்போதே பேச்சுதான். "என்ன புகை இது? மேட்ரன் காத்திருப்பா, கேட்டோ. பாத்திரத்தை எடு..." பானையைப் பார்த்ததும் நிறுத்தினாள். "லேய் தம்பி, என்னடா இது?"

அவன் சொன்னான். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, அவர்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிற அன்றைக்கு, ஜெயா மருந்து வாங்கப் போயிருந்தபோது, டாக்டரிடம் கேட்டிருக்கிறான். தலைக்குள் ஏதோ நரம்பு அறுந்திருக்கலாம், சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்று டாக்டர் சொன்னாராம்.

"நாக்கு செத்துப் போகல்ல. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் தெரியும். உப்பு போட்ட கறின்னா எப்படியாவது கண்ணால பாத்து, சத்தத்தைக் கேட்டு ஒப்பேத்திருவேன். உப்பில்லாக் கறில எனக்கு ஒண்ணுமே இல்ல ஜெயா. வெந்நீரும் அதுவும் ஒண்ணுதான்."

"பின்ன எதுக்குடா இவளை அலைய விட்ட?" என்றாள் தங்கபாய்.

"நான்தான் ரண்டு பக்கம் போதும், ரண்டு பக்கம் போதும்னு சொன்னேனே." அவன் குரல் உடைந்தது. "சும்மா ரண்டு பக்கம் எழுதிக் குடுத்தா பேங்குல தள்ளிருவாங்க. அதோட போகும், எனக்க வாயால சொல்லாண்டாம்னு நினைச்சேன். இவ ஒவ்வொரு நாளும் நல்லா எழுதிக்கிட்டே போனா. நல்லா எழுதினா பாஸாயிருமேன்னு பயந்தேன்."

ஜெயஷீலா கையில் இருந்த ரிப்போர்ட்டைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொல்லத்தான் நினைச்சேன். நீ சாயங்காலம் வந்து, அந்தக் கட்டில்ல இருந்த பெரியவரு இப்படிச் சொன்னாரு, இந்த அம்மா இப்படிச் சொன்னாங்கன்னு சொல்லுவ. எனக்க வீட்டுக்காரர் சமைச்சா நீங்க சாப்பிடுவியள்னு சொன்னேன்னு சொல்லுவ. அதைக் கேக்கும்போது நான் பழையபடி மாஸ்டர் ஆயிருவேன். மறுநாள் சொல்லலாம்னு விட்டிருவேன்."

தங்கபாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை. ஆனால் யாரையாவது குத்தாமல் அவளால் இருக்க முடியவில்லை.

"எத்தனை ஆஸ்பத்திரில ஏறி இறங்கின, ஜெயா. ஊர்ல இருக்கவனுக்கெல்லாம் என்ன சீக்கு, என்ன வேணும், என்ன வேண்டாம்னு தோண்டித் தோண்டிக் கேட்ட. உனக்க பக்கத்துல படுத்திருக்கவனைக் கேக்கல்லியே பிள்ளே."

"அவளைச் சொல்லாத அக்கா," என்றான் பிரதீஷ்.

தங்கபாய் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்று அவள் யோசித்தபோது, எந்தச் சந்தேகமும் இல்லாமல் விட்டது அவன் ஒருவனைத்தான்.

வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். தங்கபாய் கையை ஊன்றி எழுந்தாள்.

"நான் மேட்ரன்கிட்ட போயி, ஆளுக்குச் சுகமில்லேன்னு சொல்லிட்டு வாறேன். நீ பேங்குல போயி அதைக் குடு."

"எப்படி மைனி குடுக்க? இதுல இவங்கதானே சமைக்கதாட்டு எழுதியிருக்கு."

"எழுதினது எழுதினதாட்டு இருக்கட்டும். ஆளைப் பிறகு பாக்கலாம். இன்னைக்கு விட்டா பின்ன எப்போ? எனக்குப் பின்னறை இல்ல, குடியிருந்தவங்க இல்ல. இடிச்ச சுவரைத் திரும்பக் கட்ட நான் எங்க போவேன்?"

ஜெயஷீலா பிரதீஷைப் பார்த்தாள். குடுக்காதே என்று அவன் சொல்லியிருந்தால் அவள் கொடுத்திருக்க மாட்டாள். குடு என்று சொல்லியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாளோ என்னவோ. அவன் கருகிய பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டான்.

சாலை என்கிற கடைத்தெருவுக்குப் போகும் வழியில் இருந்தது பேங்க். அவள் நடந்தே போனாள். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நின்றாள். ஒரு தடவை, அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுத்தால் என்ன என்று நினைத்து, மரத்தடியில் நின்று ரிப்போர்ட்டைப் பிரித்தாள். கிழிக்கக் கை வரவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆஸ்பத்திரிகளைப் பற்றிய வெறும் சமாச்சாரம்தான்.

குற்றாலலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். ஒன்றிரண்டு பக்கம் புரட்டிவிட்டு வாங்கி வைத்துக்கொள்வார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் புரட்டவில்லை, படித்தார். பியூன் வந்து ஏதோ கேட்டதற்குக் கையால் பிறகு என்றார். அவள் ஃபேன் காற்றில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதெல்லாம் நீங்களே விசாரிச்சதாம்மா?"

"ஆமா சார். அடிச்சுத் தந்தது மட்டும் கடைக்காரர்."

"இலவசக் கஞ்சி குடுக்கற இடத்தில எங்க வியாபாரம் நடக்காதுன்னு எழுதியிருக்கீங்களே?"

"நடக்காது சார். அதனாலதான் அதை விட்டுட்டேன்."

அவர் ரிப்போர்ட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "இந்த நாற்காலியில உக்காந்து எத்தனையோ ரிப்போர்ட் வாங்கிட்டேன். எல்லாத்திலயும் லாபம் மட்டும்தான் இருக்கும். எங்கே நடக்காதுன்னு எழுதிக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான். ரண்டு பக்கம் போதும்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

எத்தனையோ நாள் இதைக் கேட்க அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். யாராவது ஒருவர், நீ பட்ட பாடு வீண் இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று பஸ்ஸில் நின்றுகொண்டே நினைத்திருக்கிறாள். இன்று அது கிடைத்தபோது, அவள் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பிரஷர்தான்," என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. "டாக்டர் உப்பை அடியோட நிறுத்திட்டாரு. வீட்டில பாவம், அவளும் என்ன செய்வா. மண்ணை மெல்லுத மாதிரி மென்னு முழுங்குதேன். இதில போட்டிருக்கீங்க பாருங்க, ஆவியை முகர்ந்தே பதம் சொல்லுவாருன்னு. அதைப் படிச்சதும்தான் எனக்குப் புரிஞ்சுது. உப்பு இல்லாத இடத்தில மணம்தான் ருசி. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"திங்கக்கிழமை மத்தியானம் உங்க இடத்தைப் பார்க்க வாறேன். பணம் குடுக்கறதுக்கு முன்னாடி விதிப்படி வந்து பார்க்கணும். வாறதோட உங்க வீட்டுக்காரர் கையால ஒரு வாய் சாப்பிட்டும் பார்த்துக்கறேன்."

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். "சார், அந்தச் சமையல் பக்கத்தில ஒரு திருத்தம் இருக்கு."

"எழுத்துப் பிழையா? அது கிடக்கட்டும்மா."

"எழுத்துப் பிழை இல்ல சார்."

"இப்ப திருத்தம்னு நீங்க எடுத்துக்கிட்டுப் போனா, இந்த வருஷத்துக்கு இது முடிஞ்சுது. நாளைக்குக் காலையில காகிதக் கட்டு மேலிடத்துக்குப் போயிரும்." அவர் பேனாவை எடுத்து மேல் அட்டையில் ஏதோ குறித்தார். "நான் சிபாரிசு எழுதப் போறேன். நான் லேசில எழுதறதில்ல. ஆனா இவ்வளவு மெனக்கெட்டு எழுதினவங்க பொய் எழுத மாட்டாங்க."

கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். இதில் கண்டவை எல்லாம் உண்மை என்று இருந்த வரிக்குக் கீழே இடம் விட்டிருந்தது.

காலை வரைக்கும் அது உண்மையாகத்தான் இருந்தது. அவளுக்குத் தெரிந்த மட்டும் உண்மை. எழுந்து போய்விடலாம். போனால் தங்கபாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் கொல்லையில் பானையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறவனிடம், இல்லை என்று சொல்லிவிட்டேன், இனி நமக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். மேனேஜர் பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தார்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து பேங்க் படியில் சிறிது நேரம் நின்றாள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் ஒரு வார்த்தையும் நம்பியிருக்க மாட்டார், சாப்பிடவும் வந்திருக்க மாட்டார். இத்தனை நாள் அவள் நடந்த நடையெல்லாம் அந்த ஒரு பொய்யை நம்ப வைப்பதற்காக நடந்ததாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜெஸ்லின் சர்ச் சபையில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். அடுக்களையில் அரவமே இல்லை.

பிரதீஷ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அலமாரியில் இருந்த டப்பாக்கள் எல்லாம் அவனைச் சுற்றி மூடி திறந்து கிடந்தன. சீரகம், மிளகு, வெந்தயம், பெருங்காயம், ஏலம், கிராம்பு. ஒன்றை எடுத்து மூக்கருகில் வைத்து நெஞ்சு விம்ம இழுப்பான். கீழே வைப்பான். இன்னொன்றை எடுப்பான். அவள் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. மூக்கு நுனியில் மிளகுத் தூள் ஒட்டியிருந்தது.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கண்ணால பாத்துட்டு முகர்ந்தா எல்லாம் தெரியுத மாதிரியே இருக்கு," என்றான் அவன். "பெயரைப் படிச்சதும் உள்ள இருந்து மணம் வருது. அது மூக்கா நினைப்பான்னு எனக்கே தெரியல்ல. நான் கண்ணை மூடுதேன். நீ ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டு."

கண்ணை மூடிக்கொண்டான். ஜெயஷீலா கைக்கு வந்த டப்பாவை எடுத்து அவன் மூக்கருகில் பிடித்தாள். இழுத்தான். தலையை ஆட்டினான். "இல்ல." இன்னொன்று. "இல்ல." அடுத்ததை வெகு நேரம் பிடித்திருந்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, தூரத்தில் பேசுகிற ஒன்றைக் காது கொடுத்துக் கேட்பதுபோல் இருந்தான். திடீரென்று முகம் மலர்ந்தது.

"பெருங்காயம். பெருங்காயம்தானே, ஜெயா?"

அவள் கையில் இருந்தது கிராம்பு.

ஆமா என்று சொன்னால் போதும். அந்த முகத்தை அவள் பார்த்து எத்தனை நாளாயிற்று. ஒரு வார்த்தையில் அவன் இன்றைக்கு ஒரு வேளை சோறு சாப்பிடுவான். அவளுக்கு உதடு பிரிந்துவிட்டது. ஆனால் பேங்கில் போட்ட கையெழுத்து இன்னும் விரலில் இருப்பதுபோல் இருந்தது.

"இல்ல," என்றாள். "கிராம்பு."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வெகு நேரம் கழித்து மூச்சு விட்டான்.

"ஆமான்னு சொல்லிருவியோன்னு பயந்தேன்," என்றான்.

அவள் டப்பாவை மூடிக் கீழே வைத்தாள். சரஸ்வதியம்மாள் வீட்டில் விளக்கேற்றி ஸ்லோகம் சொல்வது சுவருக்கு அப்பால் கேட்டது.

"பேங்குல என்ன சொன்னாங்க?"

"பிடிச்சிருக்காம். சிபாரிசு எழுதுதாராம்." அவள் நிறுத்தினாள். மிச்சத்தையும் சொல்லத்தான் வேண்டும். "திங்கக்கிழமை மத்தியானம் இடத்தைப் பாக்க வாறாரு. நீங்க சமைச்சதைச் சாப்பிட்டுப் பாக்கணுமாம்."

பிரதீஷ் இப்போது கண்ணைத் திறந்தான். அவளைத் திட்டவில்லை. ஏன் கொடுத்தாய் என்று கேட்கவில்லை. சுற்றிக் கிடந்த டப்பாக்களை ஒரு தடவை பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். ஏதோ கணக்குப் போடுகிறவன்போல் உள்ளங்கையை முழங்காலில் தேய்த்தான்.

"அவருக்கு உப்பு சேருமா?" என்று கேட்டான்.

"சேராது," என்றாள் ஜெயஷீலா.